கூட யார் வந்திருக்காங்க?

தமயந்தி வீட்டுச் சமையலறைக் குழாய் ஆடி மாதம் சொட்ட ஆரம்பித்தது. ஆவணியும் பாதி போய்விட்டது, இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. பிளம்பர் மேல் குறை சொன்னால் பாவம். "நாளைக்குக் காலையில கண்டிப்பா வந்துடறனுங்க" என்று போனில் அத்தனை பணிவாகச் சொல்வார். தமயந்தியின் கணவன் குமரவேலும், "வாங்க வாங்க, நான் வீட்டுலயேதான் இருப்பனுங்க" என்பான். மறுநாள் அவரும் வரமாட்டார், இவனும் வீட்டில் இருக்கமாட்டான். ஏனென்றால் பேசியது அவரும் இல்லை, இவனும் இல்லை. அவருடைய பதிலியும் இவனுடைய பதிலியும் பேசிக்கொண்டன. இரண்டும் தங்கமான பதிலிகள். குழாய்க்குத்தான் அது புரியவில்லை.

பதிலி என்றால் என்ன என்று இன்றைக்குக் கேட்டால் ஆட்கள் சிரிப்பார்கள். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், பின்னால் என்மேல் பழி வரக் கூடாது. அது போனுக்குள் இருக்கிற இன்னொரு நீங்கள். சில மாதம் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் குரல், உங்கள் 'ம்', எந்த இடத்தில் சிரிப்பீர்கள், எதற்குப் பெருமூச்சு விடுவீர்கள் எல்லாம் பிடிபட்டுவிடும். அப்புறம் உங்களுக்கு நேரமில்லாத ஆட்களிடமெல்லாம் அதுவே பேசும். சித்தப்பாவுக்குப் பிறந்தநாள் என்றால் அதுவே கூப்பிட்டு வாழ்த்தும். கல்யாணத்துக்கு அழைத்தால், "அவசியம் வரேங்க" என்று சொல்லும். பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது.

முதலில் எல்லோருக்கும் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. வம்பு எங்கே வந்தது என்றால், பதிலிக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்றுவிடும். இடம் எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒரு பதிலி சொல்லி, அது கோர்ட்டு வரைக்கும் போய், கடைசியில் ஒரு சட்டம் வந்தது: பதிலி கொடுத்த வாக்கை அந்த வாரத்துக்குள் சொந்தக்காரர் விலக்கிக்கொள்ளலாம், ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். எதிராளிக்கு ஒரு செய்தி போகும்.

'வணக்கம். அன்று தங்களோடு உரையாடியது என் பதிலி. அது அன்புடன் அளித்த வாக்கை நான் வருத்தத்துடன் விலக்கிக்கொள்கிறேன். தங்கள் புரிதலுக்கு நன்றி.'

இந்த நாலு வரியை எழுதியவள் நம் தமயந்திதான். கோயம்புத்தூரில் பதிலி செய்கிற கம்பெனியில் அவள்தான் விலக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த 'அன்புடன்', 'வருத்தத்துடன்' இரண்டையும் எங்கே வைப்பது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். இப்போது தமிழ் பேசுகிற ஊரிலெல்லாம் அந்த நாலு வரி போகிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு முகூர்த்தத்துக்கு முதல்நாள் போயிருக்கிறது. கடன் தருவதாகச் சொன்ன மைத்துனனிடமிருந்து வந்திருக்கிறது. 'அவன் சொல்லிட்டான், செஞ்சுடுவான்' என்று ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் சொல்வதே நின்றுபோய்விட்டது. தமயந்திக்கு முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அன்றைக்கு வியாழக்கிழமை. தோசையைத் திருப்பிப் போடும்போது அவள் போன் அடித்தது. ஆஸ்பத்திரி, போலீஸ், மின்மயானம் இந்த மூன்றிலிருந்தும் வருகிற அழைப்பைப் பதிலி எடுக்கக் கூடாது என்று சட்டம். அதனால் அவளேதான் எடுக்க வேண்டியிருந்தது.

"எக்கா, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலேருந்து இசக்கியம்மாள் பேசுதேன். ஜெயசீலிங்குத பேஷண்ட்டுக்குக் கூட இருக்கப்போறது நீங்கதான? நாளைக்குச் சாயங்காலம் அட்மிஷன் மூடுததுக்குள்ள வந்து ரேகை வச்சிருங்க. சனிக்கிழமை காலையில ஆப்பரேஷன்."

"எந்த ஜெயசீலிங்க?"

"நல்லா கேட்டிய போங்க! நீங்கதான வாரேன்னு சொல்லியிருக்கிய? இதய வால்வு மாத்தணும்க்கா அவியளுக்கு. கூட ஆள் இல்லைன்னு ஏற்கெனவே ஒரு வாட்டி தள்ளிப் போட்டாச்சு. இந்த வாட்டியும் ஆள் வரலைன்னா படுக்கைய வேற ஆளுக்குக் குடுத்துருவாவ. அப்புறம் எப்ப கிடைக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஒண்ணு மட்டும் சொல்லிடுதேன், நேர்ல வரணும். பதிலி கிதிலியெல்லாம் இங்க செல்லாது."

போனை வைத்தபோது தோசை தீய்ந்திருந்தது.

ஜெயசீலி. எத்தனை வருஷம் ஆயிற்று! கம்பெனி அப்போது பீளமேட்டில் ஒரு வாடகை வீட்டில் நடந்தது. மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று எந்திரத்துக்குப் பழக்க வேண்டும். அதற்காக இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்து, ஆளுக்கு ஓர் அறையில் உட்காரவைத்து, காலை முதல் சாயங்காலம் வரை போனில் பேசச் சொன்னார்கள். பேசினால் சம்பளம்! பொள்ளாச்சிப் பக்கத்துத் தமயந்தி ஓர் அறையில், நாசரேத் ஊர்க்காரி ஜெயசீலி ஓர் அறையில். அழுதார்கள், சண்டை போட்டார்கள், ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினார்கள். தமயந்திக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் போட்டபோது, "கூட யார் வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டாளாம், ஜெயசீலி முன்னால் வந்து, "நான்தான்" என்றாளாம். பிறகு கட்டிலுக்குக் கீழே ஜமுக்காளம் விரித்துப் படுத்துக் கிடந்தாள். அப்புறம் ஜெயசீலிக்குப் பாளையங்கோட்டையில் கல்யாணம் ஆயிற்று, போனாள். தமயந்தி கம்பெனியிலேயே தங்கி மேலே வந்தாள். அவ்வளவுதான்.

அவசரமாகப் பதிலி சேமித்துவைத்திருந்த பேச்சைத் தேடிப் போட்டாள். பதிலி கொடுக்கிற வாக்கெல்லாம் தினமும் அவள் பார்வைக்கு வரும். காபி குடித்துக்கொண்டே மொத்தமாக விலக்கிவிடுவாள். இந்த வாரம் வேலை மும்முரத்தில் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஏட்டி தமயந்தி, எனக்கு யாருமில்லட்டி" என்றது ஜெயசீலியின் குரல். "நீ வாரியா?"

தமயந்தியின் குரல் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீ ஒண்ணும் நெனைக்காத ஜெயா. உனக்கு ஒண்ணுன்னா நான் வந்து கூட இருப்பேன்."

குமரவேல் தீய்ந்த தோசையைத் தட்டில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "என்ன அம்மிணி, யாரு செத்துப்போனா?"

அவள் சொன்னாள். அவன் நிதானமாகக் கேட்டான். கெட்டவன் இல்லை குமரவேல், காலத்தோடு ஒத்துப் போகிறவன்.

"இதுல யோசிக்க என்ன கெடக்குது? விலக்கு அனுப்பிடு. இன்னும் வாரம் முடியலையே. நாளைக்கு உனக்கு எத்தனை பெரிய நாளு!"

"என்னங்க அனுப்பறது? 'அன்புடன் அளித்த வாக்கை வருத்தத்துடன்'னா?"

"நீ எழுதுனதுதானே, நல்லாத்தானே இருக்குது. அந்தப் பொம்பளைக்குப் பாவம்னா இங்கிருந்தே யாராச்சும் ஆளைப் புடிச்சு அனுப்பலாம். நீயா சொன்ன? அந்தக் கெரகம் புடிச்ச பதிலி சொல்லுச்சு. அதுக்கு நீ என்ன பண்ணுவ?"

அந்த வாக்கியம் பதிலி கட்டியது இல்லை. தமயந்திக்கு நன்றாக ஞாபகம் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டுப் பீளமேட்டு அறைக்குத் திரும்பிய முதல் நாள், போனில் ஜெயசீலியிடம் அவளே சொன்னது அது. வார்த்தை பிசகாமல் அதேதான். எந்திரம் அன்றைக்கு அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் மறந்துபோனாள், அது மறக்கவில்லை. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அலுவலகம் போனதும் நேராகச் சிபியின் அறைக்குள் நுழைந்தாள். சிபி அவளைவிட வயதில் சின்னவன், பதவியில் பெரியவன். முகத்தில் எப்போதும் தூங்கி எழுந்த தெளிவு இருக்கும்.

"சிபி, எனக்கு நாளைக்கு லீவு வேணுங்க."

"விளையாடாதீங்க மேடம்."

விளையாட்டில்லைதான். வெள்ளிக்கிழமை மதியம் கம்பெனியின் முதலீட்டாளர்கள் வருகிறார்கள். பதிலியின் புதுப் பதிப்பைத் தமயந்திதான் அவர்களுக்குக் காட்டியாக வேண்டும். அது சரியாக நடந்தால் முழுப் பிரிவுக்கும் அவள் தலைவி. மூன்று வருஷ உழைப்பு. புதுப் பதிப்பின் விசேஷம் என்னவென்றால், விலக்குப் பொத்தானே இருக்காது. எந்த வாக்கை வைத்துக்கொள்வது, எதை விலக்குவது என்று பதிலியே முடிவு செய்து, அதுவே செய்தியும் அனுப்பிவிடும். சொந்தக்காரருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது.

அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்லச் சிபி தலையை ஆட்டினான். "கஷ்டமாத்தான் இருக்கு. சரி, போயிட்டு வாங்க. உங்க பதிலியப் பேச விடலாம். நம்ம சரக்கை நம்ம பதிலியே விக்கற மாதிரி இருக்கும், அவங்களுக்கும் புடிக்கும்."

"வேண்டாங்க. அது எதுக்கும் தலையாட்டிடும். அப்புறம் அதுக்கும் நான் விலக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்கணும்."

"ஒண்ணு கேக்கட்டுமா? புதுப் பதிப்பை உங்க போன்ல போடச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்? போட்டீங்களா?"

தமயந்தி போடவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டாள்.

"போட்டிருந்தீங்கன்னா இந்தத் தலைவலியே இல்லை" என்றான் சிபி. நிஜமாகவே ஆறுதலாகத்தான் சொன்னான். "ரொம்ப நாளாப் பேசாத ஆளு, வெளியூரு, உங்களுக்கு முக்கியமான வேலை இருக்கற தேதி. அது அன்னைக்கே விலக்கியிருக்கும். உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

தமயந்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சே இருக்காது" என்றாள் அவளும்.

"ஆமாங்க. நிம்மதியா இருந்திருப்பீங்க."

ஜெயசீலி ஒரு பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அங்கே அந்த நாலு வரி வருகிறது. பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள். இங்கே தமயந்தி நிம்மதியாகத் தோசை சுடுகிறாள். எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சோம்பேறித்தனம் பண்ணினதற்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

"நான் போறனுங்க சிபி. நீங்க யாரு வேணா காட்டுங்க. ஆனா, சொந்தக்காரரைக் கேக்காம விலக்கறதை மட்டும் நான் நல்லதுன்னு சொன்னதாச் சொல்லிடாதீங்க. எனக்கு இனிமே அப்படித் தோணல."

"மேடம், பதவி..."

"தெரியுங்க" என்றாள். தெரிந்தேதான் எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சிங்காநல்லூரில் பஸ் ஏறினாள். பல்லடம், தாராபுரம், திண்டுக்கல் என்று வண்டி நன்றாகத்தான் போயிற்று. சாத்தூர் தாண்டியதும் மின்சாரம் ஏற்றுகிற நிலையத்தில் நின்றது, நின்றதுதான். முன்னால் அத்தனை வண்டிகள். வெயில் சாய ஆரம்பித்தது. தமயந்தி இறங்கி டிரைவரிடம் போய், பிறகு கண்டக்டரிடம் போய், பிறகு வரிசையில் முதலாவதாக நின்ற லாரிக்காரரிடமே போய்க் கெஞ்சினாள்.

"ஆஸ்பத்திரியில ஒருத்தி காத்துட்டிருக்கா அண்ணா. நான் போகலைன்னா ஆப்பரேஷன் பண்ண மாட்டாங்க."

லாரிக்காரர் பல்லைக் குத்திக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இப்படித்தான் எல்லாரும் சொல்லுதாவ. ஆனா போன்லதான் சொல்லுவாவ. நீ வெயில்ல வந்து நின்னு சொல்லுதியே" என்று வண்டியை ஒதுக்கிக்கொண்டார்.

இசக்கியம்மாள் கண்ணாடித் தடுப்பை இழுத்து மூடப் போகிற சமயத்தில் தமயந்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஜெயசீலிக்கு... நான்தான்..."

"தமயந்தியாக்கா? அடி ஆத்தி, வந்தே வந்துட்டியளா!" இசக்கியம்மாளுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. "வாரேன்னு சொல்லுத ஆளுல பாதிப்பேரு வாரதில்லக்கா. மொதல்ல தண்ணியக் குடிங்க, அப்புறம் ரேகைய வைங்க."

அவள் விரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவு நேரம் அடக்கிவைத்திருந்த அழுகை அப்போது வந்தது.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் ஜெயசீலி உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தமயந்தியைப் பார்த்தவள் எழுந்து வந்து கட்டிக்கொள்வாள் என்று நீங்கள் நினைப்பீர்கள், தமயந்தியும் அப்படித்தான் நினைத்தாள். ஜெயசீலி பேயைப் பார்த்த மாதிரி பார்த்தாள்.

"ஏட்டி... நீ தமயந்தில்லா? நீ எப்படிட்டி இங்க?"

"என்ன ஜெயா இப்படிக் கேக்கற? நீதானே வரச் சொன்ன?"

"நானா? நான் எப்பட்டி சொன்னேன்? கூட ஆள் இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாவ. கோயில்லேருந்து யாரையாவது அனுப்புதாவ போலன்னு நெனச்சேன்."

தமயந்தி போனை எடுத்து அந்தப் பேச்சைப் போட்டாள். 'எனக்கு யாருமில்லட்டி. நீ வாரியா?' ஜெயசீலி கேட்டாள். அவள் முகம் மாறிப்போயிற்று.

"இது நான் இல்லட்டி" என்றாள் மெதுவாக. "நான் இப்படியெல்லாம் கேக்கவே மாட்டேன். எத்தனையோ நாள் மனசுல நெனச்சிருக்கேன். ஆனா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன்னக் கேப்பேன்? இது என் பதிலில்லா பேசியிருக்கு! ஒன் பேர ஆஸ்பத்திரிக்குக் குடுத்ததும் அதுவாத்தான் இருக்கும்."

தமயந்திக்குத் தன் வீட்டுக் குழாய் ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெயசீலியின் போனை வாங்கி, பதிலி யார் யாரோடு பேசியிருக்கிறது என்று தேடினாள். தேடத் தேடச் சிரிப்பு போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்குத் தமயந்தியின் பதிலி கூப்பிட்டிருக்கிறது. பொங்கலுக்கு ஜெயசீலியின் பதிலி கூப்பிட்டிருக்கிறது. பிறந்தநாளுக்கு, மழை வெள்ளம் வந்தபோது, சும்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை. பதிலி வந்த வருஷத்திலிருந்து ஒரு வருஷம் தவறவில்லை. நலம் விசாரிக்கிற பேச்சையெல்லாம் சொந்தக்காரருக்குச் சொல்லித் தொந்தரவு செய்யக் கூடாது என்று கம்பெனியில் ஒரு விதி உண்டு. அந்த விதியும் தமயந்தியின் பிரிவு வைத்ததுதான்.

ஒன்றைப் போட்டுக் கேட்டார்கள். ஜெயசீலியின் குரல் தேம்பிக்கொண்டிருந்தது. 'அம்மா போயிட்டாவளாட்டி? எனக்கு அதிரசம் சுட்டுக் குடுத்து அனுப்புவாவளே!'

"ஒங்க அம்மா போயிட்டாவளா?" என்றாள் ஜெயசீலி.

"நாலு வருஷமாச்சு. பீளமேட்டு ஆளுக ஒருத்தருமே விசாரிக்கலைன்னு எனக்கு உள்ளுக்குள்ள வருத்தம்."

"எனக்குத் தெரியாதுட்டி. சத்தியமா எனக்குத் தெரியாது." ஜெயசீலி இப்போது நிஜமாகவே அழுதாள். "எங்க வீட்டுக்காரர் தவறுனது ஒனக்குத் தெரியுமா?"

தமயந்தி இல்லை என்று தலையசைத்தாள். அவள் பதிலிக்குத் தெரிந்திருக்கும். ஆறுதலும் சொல்லியிருக்கும், அதுவும் நன்றாகவே சொல்லியிருக்கும். இரண்டு பதிலிகளும் இத்தனை வருஷம் உயிருக்குயிராகப் பழகியிருக்கின்றன. இவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் தன்னை விசாரிக்க ஒருத்தருமில்லை என்று இருந்திருக்கிறார்கள்.

அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜெயசீலிதான் முதலில் தெளிந்தாள். அவள் எப்போதுமே அப்படித்தான்.

"சரிட்டி. ரேகை வச்சாச்சுல்லா? ஆப்பரேஷன் நடந்துரும். நீ ஊருக்குப் போ. ஒனக்கு எம்புட்டு சோலி கெடக்கும். நானும் கேக்கல, நீயும் வாரேன்னு சொல்லல. ரெண்டு எந்திரம் பேசிக்கிட்டதுக்கு நீ எதுக்குக் கெடந்து சீரழியணும்?"

கேட்டுப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. வராவிட்டால் ஒருத்தி ஏமாந்துபோவாள் என்று வந்தாள். ஏமாற ஒருத்தியும் இல்லை, வாக்கும் இல்லை. இப்போதே பஸ் ஏறினால் காலையில் முதலீட்டாளர்கள் தங்கியிருக்கிற ஹோட்டலுக்கே போய்க் காலில் விழாத குறையாகப் பேசிப் பார்க்கலாம். தமயந்தி இதையெல்லாம் நினைக்கவில்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன். நினைத்தாள்.

பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜெயசீலியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் சொல்லலைதான். இப்பச் சொல்றேன் கேட்டுக்க. நாளைக்கு நீ கண்ணு முழிக்கறப்ப நான் இங்க இருப்பேன். இது நான் சொல்றேன், என் வாயால."

"ஏதாவது தின்னியாட்டி?" என்றாள் ஜெயசீலி.

சனிக்கிழமை காலை அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆப்பரேஷன் அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள், நாற்காலி நிறைய 'கூட வந்தவர்கள்'. ஒருத்தர் ஜெபமாலை உருட்டுகிறார், ஒருத்தர் விபூதிப் பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்து மடிக்கிறார், ஒரு பெண் எழுந்து எழுந்து கதவைப் பார்க்கிறாள். யாருடைய பதிலியும் அங்கே வந்து உட்கார்ந்திருக்க முடியாது. தமயந்தி பயந்துபோயிருந்தாள். பக்கத்து ஆள் நீட்டிய முறுக்கை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

குமரவேல் கூப்பிட்டான். "அம்மிணி, எப்படி இருக்குதாம்?"

"இன்னும் உள்ளதான் இருக்கறா. இது நீங்கதானுங்களே?"

"நான்தான், நான்தான். இதைக் கேளு. இன்னைக்குக் காலையில நானே அந்த பிளம்பர் வீட்டுக்கு நடந்து போயிட்டேன். பாவம், அந்த மனுசனுக்கு நம்ம வீட்டுல குழாய் ஒழுகறதே தெரியாதாமா! அப்பவே டூல்ஸை எடுத்துட்டு எங்கூடவே வந்துட்டாரு. அதோ, மாட்டிட்டிருக்கறாரு."

தமயந்திக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சிபி. அவள் சத்தம் கேட்காத இடமாகப் பார்த்துப் படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"மேடம், நீங்கதானே?"

"நானேதான். சொல்லுங்க சிபி."

"நேத்து நான்தான் காட்டினேன். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அதுல ஒரு அம்மா, 'இந்தத் தமயந்திங்கறவங்க ஏன் வரலை'ன்னு கேட்டாங்க. பொய் சொல்லலாமுன்னுதான் வாயைத் தொறந்தேன். என்னமோ, உள்ளதையே சொல்லிட்டேன். புதுப் பதிப்பு போட்டிருந்தா நீங்க போயிருக்கவே மாட்டீங்கங்கறதையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"நிறுத்தி வைங்கன்னுட்டாங்க. சொந்தக்காரரைக் கேட்டுட்டுத்தான் விலக்கணும்னு மாத்திக் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. பதவி பத்தி இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க மேடம், கைவிட்டுப் போனாலும் போயிடும். ஆனா அந்த விதிய நீங்கதான் எழுதணும். உங்களுக்கு எப்பத் தோதுப்படும்? நாம திங்கக்கிழமை..."

"ஜெயசீலி!" என்று உள்ளேயிருந்து நர்ஸின் குரல் கேட்டது. "ஜெயசீலிக்குக் கூட யார் வந்திருக்கா?"

தமயந்தி போனைத் துண்டித்தாள், மன்னிக்கவும் என்றுகூடச் சொல்லவில்லை. செருப்பு ஒன்று படிக்கட்டிலேயே கழன்றுகொண்டது. அப்படியே ஓடினாள்.

"நான்தான்! நான்தாங்க வந்திருக்கேன்!"

"ஏன்க்கா இப்படி ஓடி வாரிய? நல்லபடியா முடிஞ்சிட்டு. முழிக்கப்போறாவ, வந்து பக்கத்துல நில்லுங்க" என்றாள் நர்ஸ்.

ஜெயசீலியின் இமைகள் கொஞ்சம் பிரிந்தன, மூடின, மறுபடி பிரிந்தன. உதடு உலர்ந்திருந்தது. தமயந்தி குனிந்து தன் கையை அவள் கைக்குள் வைத்தாள். அந்த விரல்கள் அவள் வளையலைத் தடவின, மணிக்கட்டைத் தடவின, அங்கேயே பிடித்துக்கொண்டன.

"நீதான்" என்றாள் ஜெயசீலி.

"பேசாத. தூங்கு."

தூங்கிவிட்டாள் என்று தமயந்தி நினைத்தபோது மறுபடி குரல் வந்தது, காது வைத்துக் கேட்கிற அளவுக்கு.

"நீ ஊருக்குப் போனப்புறம்... ஞாயித்துக்கிழமை ஒனக்குப் போன் போடுவேன். நான்தான் போடுவேன்."

"நான்தான் எடுப்பேன்" என்றாள் தமயந்தி.